ஒல்லாந்தர் கோட்டையும் ஓர் அப்பிள் டோனட்டும்

கடந்த மாரிகாலத்து மாலையொன்றில் கற்பிட்டித் தீபகற்பத்தின் நடுவே உள்ள ஒரு வீட்டில் தேநீருக்கு அமர்ந்திருந்தேன். பத்திரிகைத் தொழில் எனக்கு ஈட்டித் தந்த செல்வங்களுள் தலையாயது, செய்தி முடிந்த பின்னரும் நீடிக்கும் பழக்கங்களே. அந்த வீடும் அத்தகைய ஒன்று. வெளியே தென்னைகளைக் காற்று உலுக்கிக்கொண்டிருந்தது. அடுக்களையிலிருந்து கறுவாவின் மணம் வந்தது. சிறிது நேரத்தில் வீட்டின் இளையவள் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நடுவில் துளையிட்ட, பொன்னிறமான, சீனியும் கறுவாத் தூளும் தூவப்பட்ட நான்கு வளையங்கள்.

"அப்பிள் டோனட், அங்கிள். எண்ணெயில பொரிக்கல்ல. போறணையில வேகவச்சது" என்றாள்.

சாதாரண தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலத்தில் கைப்பேசியில் பார்த்துப் பழகியதாம். இப்போது அயல் வீடுகளிலிருந்து கேட்டு வாங்குகிறார்களாம். கட்டாரில் வேலை செய்து திரும்பிய தந்தை கொண்டுவந்த சிறிய மின் போறணை அடுக்களை மூலையில் வீற்றிருந்தது.

அவளுடைய உம்மம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயிலிட்டார். மெல்ல மென்றார். பிறகு தீர்ப்பு வழங்குபவரைப் போலச் சொன்னார்: "ருசிதான் தம்பி. ஆனா இது எங்கட பண்டமில்லையே. வெளிநாட்டான்ட பண்டம்."

பேத்தி விடவில்லை. "அப்ப நீங்க காலையில தின்ற பாண் மட்டும் எங்கட பண்டமா, உம்மம்மா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆயினும் கொழும்புக்குத் திரும்பும் வழிநெடுகிலும் அந்த வினா என்னை விடவில்லை. எது எங்கள் பண்டம்? எத்தனை ஆண்டுகள் இருந்தால் ஒன்று எங்களுடையதாகும்? யார் அதைத் தீர்மானிப்பது? வரலாற்று நூல்களில் கொஞ்சம் தேடினேன். தேடியதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த வீட்டிலிருந்து வடக்கே சென்றால், வாவியின் வாயிலைக் காவல் செய்தபடி நிற்கிறது கற்பிட்டிக் கோட்டை. முருகைக்கல்லால் ஆன அதன் சுவர்களை ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டினர். போர்த்துக்கேயரிடமிருந்து 1659இல் இவ்விடத்தைக் கைப்பற்றி, "கல்பெந்தின்" என்று தம் நாவுக்கேற்ப அதன் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டுக்கும் இந்தியக் கரைக்கும் இடையே புத்தளம் வாவி வழியாக நடந்த வணிகத்தைத் தம் பிடிக்குள் வைத்திருப்பதே கோட்டையின் தலையாய நோக்கம். 1795இல் அது ஆங்கிலேயரின் கைக்கு மாறியது. இன்று இலங்கைக் கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது.

கோட்டைக்கு அத்திவாரம் தோண்டத் தொடங்கிய அதே 1667ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியில் அம்ஸ்ரர்டாம் நகரில் ஒரு சமையல் நூல் அச்சேறியது. "அறிவுள்ள சமையற்காரர்" என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஒல்லாந்தின் வசதி படைத்த வீடுகளுக்காக எழுதப்பட்ட அந்நூல் பதிப்புக்கு மேல் பதிப்பாக வெளிவந்தது. அதிலுள்ள குறிப்புகளுள் ஒன்று "ஒலிகூக்" என்னும் பண்டத்துக்கானது. ஒலி என்றால் எண்ணெய். கூக் என்றால் பணியாரம். எண்ணெய்ப் பணியாரம் என்று சொன்னால் நம் வீட்டார் உடனே விளங்கிக்கொள்வர். கோதுமை மா, உலர்ந்த திராட்சை, வாதுமைப் பருப்பு, பொடியாக நறுக்கிய அப்பிள், நொதி, இளஞ்சூடான பால் ஆகியவற்றைப் பிசைந்து பொங்கவிட்டு, எண்ணெயில் உருண்டைகளாகப் பொரித்தெடுப்பது அது. கூடவே இஞ்சி, கராம்பு, கறுவா.

டோனட்டின் மூதாதை இதுவே என்பது உணவு வரலாற்றை எழுதுவோர் பலர் ஏற்கும் கருத்து. கற்பிட்டி வீட்டில் என் முன் வைக்கப்பட்ட தட்டில் இருந்த கோதுமை மா, பால், அப்பிள், கறுவா ஆகிய நான்கும் அந்தப் பதினேழாம் நூற்றாண்டுக் குறிப்பிலேயே இருக்கின்றன. அப்படியானால் உம்மம்மாவின் தீர்ப்புச் சரிதானே, இது வெளிநாட்டுப் பண்டம்தானே என்று கேட்கலாம். அங்கேதான் கறுவா குறுக்கே வந்து நிற்கிறது.

1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதாவின் கப்பலைக் காற்று இலங்கைக் கரைக்குக் கொண்டுவந்தது. அவர் இறங்கிய துறையைப் "பத்தாலா" என்று எழுதினார். அது புத்தளமே என்று அறிஞர் கொள்வர். அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. அந்தக் கடற்கரையில் அவர் கண்டவற்றுள் அவரை மலைக்கவைத்தது முத்து மட்டுமன்று. வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் மேடுமேடாகக் குவிந்து கிடந்தன என்றும், மாபாரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வருவோர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, பதிலுக்கு மன்னருக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாகக் கொடுத்தனர் என்றும் அவர் எழுதிவைத்தார்.

புத்தளத்தின் வறண்ட மணலில் கறுவா செழிப்பதில்லை. சிலாபத்துக்குத் தெற்கே ஈரவலயம் தொடங்கிய பின்னரே அதன் ஆட்சி. ஆனால் அது வந்து சேர்ந்த துறைகளுள் ஒன்று எங்கள் கரை. யாத்திரிகரின் பேச்சில் மிகை இருக்கலாம். பயணிகள் மிகைப்படுத்துவது பத்திரிகையாளருக்குத் தெரியாத செய்தியன்று. எனினும் கறுவாவும் இக்கரையும் ஒன்றாக நினைக்கப்பட்டன என்பதற்கு அவர் சாட்சி.

மூன்று நூற்றாண்டுகள் கழித்து அந்த விலையற்ற மரப்பட்டை, உலகின் விலைமதிப்புள்ள பண்டங்களுள் ஒன்றாயிற்று. நீர்கொழும்பு 1644இல், கொழும்பு 1656இல், யாழ்ப்பாணம் 1658இல் என்று ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கரையோரத்தை ஒவ்வொன்றாகப் பிடித்ததற்குக் கறுவாவே முதற்காரணம். கம்பனிக்கன்றி வேறெவருக்கும் கறுவா உரிப்பதும் விற்பதும் குற்றம். தண்டனை மரணம் வரை செல்லக்கூடியது. கறுவா உரிக்கும் குலத்தார் ஆண்டுதோறும் காட்டுக்குள் சென்று குறித்த அளவைக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். தோட்டங்களில் கறுவாவைப் பயிரிடும் முயற்சி வெகு பின்னர், ஆளுநர் பால்க் காலத்தில், 1769 அளவிலேயே தொடங்கியது. விலை இறங்கிவிடக்கூடாது என்பதற்காக 1760இல் அம்ஸ்ரர்டாமில் கறுவாவைக் குவித்து எரித்ததைக் கண்ணால் கண்ட பிரெஞ்சு இயற்கையியலாளர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். தெருவெங்கும் மணந்ததாம். அந்த மணத்துக்குப் பின்னால் இருந்த முதுகுகள் எத்தனை என்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

ஆக, 1667இன் அம்ஸ்ரர்டாம் அடுக்களையில் ஒலிகூக்கிற்குத் தூவப்பட்ட கறுவா பெரும்பாலும் இலங்கையிலிருந்து சென்றதே. பண்டம் வெளிநாட்டானுடையது, வாசனை எங்களுடையது. உம்மம்மா மென்ற துண்டில் இருந்தது ஊருக்குத் திரும்பிவந்த கறுவா.

ஒலிகூக் அங்கிருந்து இரு திசைகளில் பயணப்பட்டது. மேற்கே சென்ற கிளை அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது. இன்றைய நியூயோர்க் அன்று நியூ அம்ஸ்ரர்டாம் என்ற ஒல்லாந்தக் குடியிருப்பு. 1664இல் ஆங்கிலேயர் அதைப் பறித்துக்கொண்டாலும் ஒல்லாந்தரின் அடுக்களையைப் பறிக்கவில்லை. 1809இல் எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் தம் நியூயோர்க் வரலாற்று நையாண்டி நூலில் பன்றிக்கொழுப்பில் பொரித்த இனிப்பு மா உருண்டைகளைப் பற்றி எழுதும்போது, அவற்றுக்கு "டோநட்", "ஒலிகூக்" என்னும் இரு பெயர்களையும் சேர்த்தே தருகிறார். டோ என்பது பிசைந்த மா. நட் என்பது கொட்டை. கொட்டை போன்ற சிறு உருண்டை.

துளை பின்னர் வந்தது. உருண்டையின் வெளிப்புறம் கருகும்வரை பொரித்தாலும் நடுப்பகுதி வேகாமல் பச்சையாகவே கிடக்கும் என்பது அதன் பழங்குறை. மெயின் மாநிலத்து மாலுமியான ஹான்சன் கிரெகரி, தாம் 1847இல் கப்பலில் பணியாற்றிய இளவயதில் நடுவைத் துளைத்து அக்குறையைத் தீர்த்ததாக முதுமையில் உரிமை கோரினார். உரிமைகோரல் மெய்யோ பொய்யோ, காரணம் மெய்யானது. துளையிட்டால் சூடு இரு பக்கத்திலிருந்தும் உட்செல்கிறது. வேகாத நடு என்று ஒன்று இல்லாமற் போகிறது. நம்மவர் உழுந்துவடைக்குத் துளையிடுவதும் இதற்காகவே. கிரெகரிக்குக் காப்புரிமை கொடுக்குமுன் எங்கள் பாட்டிமாரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கிழக்கே வந்த கிளை எங்களிடம் வந்தது. இது பலர் கவனிக்காதது. சித்திரைப் புத்தாண்டில் சிங்கள வீடுகளின் தட்டில் முதலிடம் பெறும் "கொக்கிஸ்" என்னும் பலகாரத்தின் பெயர், ஒல்லாந்தரின் "கூக்யஸ்" என்ற சொல்லிலிருந்து வந்தது. சிறு பணியாரங்கள் என்பது பொருள். ஒலிகூக்கின் கூக் இதுவே. கோதுமை மாவுக்குப் பதில் அரிசி மா, பசுப்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், பொரிப்பதற்குத் தேங்காயெண்ணெய். இரும்பு அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் இறக்க, சக்கரம் போல் பூத்து வருகிறது. சிலாபம், மாரவில, வென்னப்புவ எங்கும் அது இன்று "பாரம்பரியப் பலகாரம்". அதை எவரும் வெளிநாட்டானுடையது என்று சொல்வதில்லை. டோனட்டும் கொக்கிசும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒருவர் முன்னமே குடியேறிவிட்டார், மற்றவர் இப்போதுதான் வந்திறங்குகிறார்.

போறணையில் வேகவைத்த டோனட்டுக்கு இதைவிட நெருங்கிய உறவினர் ஒருவரும் உண்டு. பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குச் செய்யும் "புரூடர்". பேக்கரியில் பொங்கவைத்த பாண் மாவை வாங்கிவந்து, முட்டை மஞ்சட்கரு, பட்டர், சீனி, உலர்ந்த திராட்சை சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழல் நிற்கும் மடிப்பு அச்சில் இட்டுப் போறணையில் வேகவைப்பர். வெளிவருவது ஒரு பெரிய வளையம். அதை வெட்டி, பட்டரும் ஒல்லாந்தச் சீஸும் வைத்து உண்பர். கைப்பேசி கற்றுக்கொடுத்ததாகச் சிறுமி நினைத்த உத்தியின் பெருவடிவம், இந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்திருக்கிறது.

போறணை என்ற சொல்லே போர்த்துக்கேயரின் "ஃபோர்னோ"விலிருந்து வந்தது. பாண் அவர்களுடைய "பாவ்". ஆகவே பேத்தி எழுப்பிய வினாவுக்கு நேரான விடை இதுதான்: இல்லை, பாணும் எங்கள் பண்டமாகப் பிறந்ததன்று. ஒல்லாந்தரின் பணியாரத்தைப் போர்த்துக்கேயரின் அடுப்பில் வேகவைத்துத்தான் அவள் எனக்குப் பரிமாறினாள். 1659இல் கற்பிட்டியில் ஒருவரையொருவர் துரத்திய இரு பகைவர்கள், அவளுடைய அடுக்களையில் சமாதானமாகிவிட்டனர்.

பெயர்கள் வந்தாலும் பொருள் எங்கிருந்து வந்தது? நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். பொதி செய்த ஈஸ்ட் வருவதற்கு முன்னர் மாவைப் பொங்கவைத்தது கள். அப்பத்தைப் பொங்கவைத்த அதே தென்னங்கள். நாத்தாண்டியாவிலிருந்து வென்னப்புவ வரை தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி நடந்து கள் இறக்கியவர்களின் உழைப்பு அதில் இருந்தது. உப்பு புத்தளத்து உப்பளங்களிலிருந்து வந்தது. போறணை இல்லாத வீடுகளில் கனத்த பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி, மூடியின் மேலும் சிரட்டைத் தணலைப் பரப்பி, மேல்நெருப்பு கீழ்நெருப்பாகக் கேக்கும் பிபிக்கானும் வேகவைத்தனர். தெங்கு முக்கோணத்தின் ஒரு முனையான இம்மாவட்டத்தில் சிரட்டைக்கு என்ன பஞ்சம்?

கோதுமை மட்டும் என்றும் வெளியாள்தான். இத்தீவில் அது விளைவதில்லை. அதை எளியவர் உணவாக்கியது இரண்டாம் உலகப் போர். 1942இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசி குறைந்து கோதுமை மா வந்தது. ரொட்டியாகவும் பிட்டாகவும் பாணாகவும் அது வயிறுகளுக்குள் புகுந்து, பின் வெளியேற மறுத்துவிட்டது. 1970களின் நடுப்பகுதியில் அந்நியச் செலாவணி வறண்டபோது, விடியுமுன் பாண் வரிசையில் நின்ற தலைமுறை என்னுடைய பெற்றோரின் தலைமுறை. 1980இல் திருகோணமலையில் பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னரே, மா இறக்குமதிக்குப் பதிலாகக் கோதுமை இறக்குமதி பெருகியது.

அப்பிளின் கதை இன்னும் விநோதமானது. என் குழந்தைப் பருவத்தில் அப்பிள் ஒரு பழமன்று. அது ஓர் எழுத்து. ஆங்கில அரிச்சுவடியின் முதற்பக்கத்தில் சிவப்பாக இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரே படத்தை விட்டு இறங்கி நகரத்து நடைபாதைக் கடைகளுக்கு வந்தது. வந்த பின்னரும் நெடுங்காலம் நோயாளியைப் பார்க்கப் போவோரின் கையில் மட்டுமே அதைக் கண்டோம்.

பழம் வராதபோதும் பெயர் வந்துகொண்டிருந்தது. ஐரோப்பியர் தாம் புதிதாகக் கண்ட பழத்துக்கெல்லாம் அப்பிள் என்று பெயரிட்டனர். ஆங்கிலேயருக்கு எங்கள் விளாம்பழம் "மர அப்பிள்". ஜம்பு "ரோஜா அப்பிள்". மரமுந்திரியின் சதைப்பழம் "கஜு அப்பிள்". ஒல்லாந்தர் உருளைக்கிழங்கை "ஆர்ட்அப்பல்" என்றனர்; மண் அப்பிள் என்று பொருள். சிங்களத்தில் உருளைக்கிழங்குக்கு வழங்கும் "அர்த்தாபல்" என்ற சொல் அதுவே. தமிழும் சிங்களமும் ஒரே சந்தையில் விலைபேசும் எங்கள் கரையில் இச்சொல்லைக் கேட்காத நாளில்லை. கற்பிட்டி மணலில் உருளைக்கிழங்கு பயிரிடுவோர், தாம் ஒரு வகை அப்பிளைத் தோண்டியெடுக்கிறோம் என்பதை அறியமாட்டார்கள்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் இவையெல்லாம் ஒரேயடியாக நின்றன. எரிவாயு இல்லை, மா விலை எட்டாத உயரம், பல பேக்கரிகள் கதவடைத்தன. அப்பிள் மறுபடியும் அரிச்சுவடிக்குத் திரும்பியது போலிருந்தது. அந்த வீட்டில் உம்மம்மா அந்நாளில் முற்றத்தில் அடுப்பு மூட்டி, மணல் பரப்பிய பழைய சட்டிக்குள் தட்டை வைத்து, மூடிமேல் தணலிட்டு, கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து பேரப்பிள்ளைகளுக்குக் கேக் சுட்டுக் கொடுத்தாராம். மின் போறணையின் கைத்தொழிலைத் தன் பேத்தி யாரிடம் முதலில் கற்றாள் என்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை போலும்.

இனி, நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பகுதிக்கு வருகிறேன்.

1990 ஒக்ரோபர் மாதத்தின் கடைசி நாட்களில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வள்ளங்களில் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினர். அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். விடுமுறையில் ஊரில் இருந்தேன். நனைந்த உடையோடு குழந்தைகளைத் தோளிலும் குர்ஆனை நெஞ்சிலும் சுமந்து மணலில் கால்வைத்தவர்களைப் பார்த்தேன். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிரம்பின. எங்கள் பகுதியின் பேக்கரியில் அன்றிரவு போறணை அணையவேயில்லை. சுடச்சுட இறக்கிய பாணைக் கடகங்களில் அள்ளிக்கொண்டு நாங்கள் ஓடினோம். கடனுக்கா, தருமத்துக்கா என்று பேக்கரிக்காரர் கேட்கவில்லை. நான் பின்னாளில் எழுதிய ஆயிரக்கணக்கான செய்திகளுக்கு முன்னோடியாக என் மனத்தில் பதிந்த முதற்செய்தி அதுவே.

உம்மம்மா அந்த வள்ளமொன்றில் வந்தவர்.

நாட்கணக்கில் தங்குவதாக நினைத்து வந்தவர்கள், ஓலைக் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் திரும்பினர். பலருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, மனமும் இல்லை. பிள்ளைகள் இங்கே வேரூன்றிவிட்டனர். இரவில் பாண் கொடுத்த ஊருக்கும் அவர்களுக்கும் இடையே, நிலம், தண்ணீர், பாடசாலை அனுமதி, வேலை என்று காலப்போக்கில் உரசல்களும் வந்தன. அகதி என்ற சொல் முதலில் இரக்கமாக இருந்தது, பிறகு அடையாளமாயிற்று, சில வாய்களில் வசையும் ஆயிற்று.

அன்று மாலை விடைபெறும்போது வாசலில் நின்ற அந்தப் பெண்பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், நான் இங்கதான் பிறந்தன். என்ட வாப்பாவும் உம்மாவும் கலியாணம் முடிச்சதும் இங்கதான். இப்பவும் எங்களை 'வந்த ஆக்கள்' எண்டுதான் சொல்லுறாங்க."

உம்மம்மாவுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், டோனட்டுக்குத் தாம் கொடுத்த தீர்ப்பும், தமக்கு இவ்வூர் கொடுத்த தீர்ப்பும் ஒன்றே என்பதை உணர்ந்திருப்பார்.

இந்தக் கரையில் வராத ஆள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் அகரவரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் "சிலோன் கசற்றியர்" வெளியிட்டு, 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை "தமிழ் புளூராக்" என்று எழுதிய சைமன் காசிச்செட்டி, தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்காக வந்த செட்டிமார் குலத்தவர். புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் "மஞ்சா" பாடி ஆடும் மக்கள், ஐரோப்பியர் படையாட்களாகக் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழிவந்தோர். முக்குவர், கரையார், அரபு வணிகரின் வழித்தோன்றல்கள், பறங்கியர் என்று ஒவ்வொரு காற்றும் ஒவ்வொரு வள்ளத்தைக் கொண்டுவந்தது. இபின் பதூதாவையும் காற்றுத்தானே கொண்டுவந்தது? முந்தி வந்தவர் பிந்தி வந்தவரைப் பார்த்து "வந்த ஆக்கள்" என்கிறார். அவ்வளவே வேறுபாடு.

கொக்கிசுக்கு யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. அதைச் சுட்டவர்கள் அரிசியையும் தேங்காயையும் சேர்த்தார்கள். உண்டவர்கள் மறுவருடமும் கேட்டார்கள். அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. மனிதருக்கு மட்டும் முப்பத்தைந்து ஆண்டுகளும் போதவில்லை.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்காக அவள் சொன்ன முறையை எழுதி முடிக்கிறேன். 250 கிராம் கோதுமை மாவோடு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி கறுவாத் தூள், அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து அரித்துக்கொள்ளவேண்டும். வேறொரு பாத்திரத்தில் இரண்டு முட்டை, 120 கிராம் சீனி, உருக்கிய பட்டர் 60 கிராம், பால் 150 மில்லிலீற்றர் ஆகியவற்றை அடித்து, தோல் சீவித் துருவிய பெரிய அப்பிள் ஒன்றைப் பிழிந்து சேர்க்கவேண்டும். இரண்டையும் மெல்லக் கலக்கவேண்டும். அதிகம் அடித்தால் பண்டம் இறுகிவிடும். பட்டர் பூசிய வளைய அச்சுகளில் முக்காற்பங்கு நிரப்பி, முன்கூட்டியே சூடாக்கிய போறணையில் 180 பாகையில் 12 முதல் 15 நிமிடம். ஈர்க்கைக் குத்தி எடுத்தால் மா ஒட்டக்கூடாது. சூடு தணியுமுன் உருக்கிய பட்டரைத் தடவி, சீனியும் கறுவாத் தூளும் கலந்த தட்டில் புரட்டி எடுக்கவேண்டும். அச்சு இல்லாதவர்கள் சிறு கேக் கிண்ணங்களின் நடுவே பட்டர் பூசிய அலுமினியத் தாளைச் சுருட்டி நிறுத்தினால் துளை விழும். அப்பிள் கிடைக்காவிட்டால் வாழைப்பழம். போறணை இல்லாவிட்டால் மணலும் சட்டியும் சிரட்டைத் தணலும். பொறுமை மட்டும் சற்று அதிகம் வேண்டும்.

கடந்த வாரம் தொலைபேசியில் பேசியபோது, ஒரு திருமண வீட்டுக்கு நூறு டோனட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். சொன்னவர்கள் யாரென்று கேட்டேன். கற்பிட்டியின் பழங்குடும்பம் ஒன்று. வீட்டுக்காரப் பெண்மணி அளவெல்லாம் பேசி முடித்தபின் ஒன்று கேட்டாராம்: "எங்கட புத்தளத்துப் பிள்ளைதானே, கொஞ்சம் விலை குறைச்சுத் தாவன்?"

"குறைச்சியா?" என்று கேட்டேன்.

"குறைச்சுத்தான் குடுத்தன், அங்கிள்" என்றாள்.